குளிர்ந்த அயோடின் ஜெட்டில் லேசர் நிறமாலை: பம்பிலிருந்து மீநுண் கோடுகள் வரை ஒரு முழு வழிகாட்டி

அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிக் குப்பி அயோடின் ஆவியின் வழியே 570 நானோமீட்டர் லேசரை விட்டு, அதன் அதிர்வெண்ணை மெல்ல நகர்த்திப் பாருங்கள். உறிஞ்சல் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, மூலக்கூறுகள் ஏகப்பட்ட மட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. 300 கெல்வினில் அயோடின் மூலக்கூறுகள் மிக அதிகமாக இருக்கும் சுழற்சி மட்டத்தின் எண்ணே 52ஐ ஒட்டி வருகிறது. அதிர்வைப் பார்த்தால், அடிமட்டத்தில் இருப்பவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலானவை அடுத்த மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு, அவை எல்லாத் திசையிலும் ஓடுவதால் ஒவ்வொரு கோடும் டாப்ளர் விளைவால் சுமார் 410 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு உப்பிவிடுகிறது. அயோடின் அணுக்கருவின் மின் நான்முனைத் திருப்புத்திறனால் (அணுக்கரு முழுக் கோளமாக இல்லாததன் விளைவு) ஒவ்வொரு சுழற்சிக் கோடும் 15 அல்லது 21 மீநுண் கோடுகளாகப் பிரிகிறது. அத்தனையும் ஒரு ஜிகாஹெர்ட்ஸ் அளவு இடத்துக்குள் அடைந்து கிடப்பதால், டாப்ளர் அகலம் அவற்றை முழுசாக விழுங்கிவிடும்.

ஆர்கான் போன்ற வாயுவில் சிறிது அயோடினைக் கலந்து, நாசில் என்கிற சிறு துளை வழியே வெற்றிடத்துக்குள் பீறிடவிட்டால் அது மிகவும் குளிர்ந்துவிடும். இந்த மீயொலி வேக ஜெட் இரண்டு சிக்கலையும் தீர்க்கும். ஆனால் ஒரே வழியில் அல்ல. குளிர்ச்சி மட்டங்களைக் காலி செய்து கோடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. கோட்டை ஒல்லியாக்குவது பெரும்பாலும் கற்றையின் வடிவம்தான்: மூலக்கூறுகள் எவ்வளவு இணையாகப் பறக்கின்றன, லேசர் அவற்றை எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் விலையுயர்ந்த லேசரை வாங்கி வைத்துவிட்டு அகலமான கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பணமும் கவனமும் முதலில் பம்புக்கும், கற்றையின் நடுப்பகுதியை மட்டும் விடும் குறுகிய பிளவுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இந்த யோசனை பழையது. மூலக்கூறு கற்றைக்கு மீயொலி நாசிலைப் பயன்படுத்தலாம் என்று கான்ட்ரோவிட்ஸும் கிரேயும் 1951இல் முன்மொழிந்தார்கள். அதை லேசர் நிறமாலையோடு சேர்த்தது 1970களின் நடுவில் சிகாகோவில் ஸ்மாலி, வார்ட்டன், லெவி ஆகியோர். அறை வெப்பத்தில் யாராலும் படிக்க முடியாதிருந்த நைட்ரஜன் டைஆக்சைடின் நிறமாலையை, ஆர்கானில் கலந்து 3 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்துப் படிக்கக்கூடியதாக்கினார்கள். அதே ஸ்மாலி 1985இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறைக் கண்டுபிடித்த குழுவில் இருந்தார். அங்கேயும் அடிப்படைக் கருவி ஒரு மீயொலி ஜெட்தான்.

அயோடினை எடுத்துக்காட்டாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும், ஒளிரும், மலிவு, அதன் கோடுகள் ஏற்கெனவே நன்றாக அட்டவணையாகியிருக்கின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல மூலக்கூறு எனக்குத் தெரியவில்லை.

படி 1: பம்பைக் கணக்கிடுங்கள்

ஒரு அட்மாஸ்பியர் ஆர்கானை 50 மைக்ரோமீட்டர் துளை வழியே விட்டால், வினாடிக்குச் சுமார் 0.36 மில்லிபார்-லிட்டர் வாயு அறைக்குள் வரும். வினாடிக்கு 2000 லிட்டர் இழுக்கும் டிஃப்யூஷன் பம்ப் இருந்தால் அறையின் அழுத்தம் ஏறக்குறைய 0.0002 மில்லிபாரில் நிற்கும். நல்ல நிலைமை.

ஜெட் எவ்வளவு தூரம் கெடாமல் போகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நாசிலின் உள்ளழுத்தத்தை அறை அழுத்தத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, துளை விட்டத்தாலும் 0.67ஆலும் பெருக்குங்கள். அந்தத் தூரத்தில்தான் மாக் தட்டு எனப்படும் அதிர்ச்சி அலை நிற்கும். அதைத் தாண்டினால் மூலக்கூறுகள் மறுபடி சூடாகிவிடும். மேலே சொன்ன எண்களுக்கு அது சுமார் 8 சென்டிமீட்டர். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அந்தத் தட்டு கூர்மையாக இருக்காது, பரவலாகக் கரைந்துவிடும். ஆனாலும் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள இந்த எண் போதும்.

இதில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. துளையைப் பெரிதாக்கினால் வாயு ஓட்டம் விட்டத்தின் வர்க்கமாக ஏறும், அறை அழுத்தமும் அதே அளவு ஏறும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விட்டமும் உள்ளழுத்தமும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது பம்பின் வேகம் மட்டுமே. அதாவது, 50 மைக்ரோமீட்டரில் ஒரு அட்மாஸ்பியர் வைத்தாலும் சரி, 100 மைக்ரோமீட்டரில் இரண்டு அட்மாஸ்பியர் வைத்தாலும் சரி, பம்ப் தன் வேகத்தை இழக்காதவரை தட்டு அதே 8 சென்டிமீட்டரில்தான் நிற்கும். ஜெட் நீளமாக வேண்டுமென்றால் பம்பைத்தான் பெரிதாக்க வேண்டும். நாசிலை மாற்றிப் பயனில்லை.

பம்ப் வசதி குறைவா? துடிப்பு வால்வு ஒரு வழி. வினாடிக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் 100 முதல் 200 மைக்ரோ வினாடி மட்டுமே திறக்கும். சராசரி வாயுச் சுமை ஆயிரத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். ஆனால் நாம் பயன்படுத்தப்போவது தொடர் லேசர். துடிப்பு ஜெட்டோடு அதைச் சேர்த்தால் லேசர் ஒளியில் பெரும்பகுதி வெறும் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மீநுண் கோடுகள் வரை போக நினைப்பவர்கள் தொடர் ஜெட்டோடு இருப்பதே நல்லது.

படி 2: நாசிலும் அயோடின் ஊட்டமும்

குளிர்ச்சியைத் தீர்மானிப்பது உள்ளழுத்தம், துளை விட்டம் இரண்டின் பெருக்குத்தொகை. ஆர்கானுக்கு, அழுத்தத்தை அட்மாஸ்பியரிலும் விட்டத்தை சென்டிமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதன் 0.4 அடுக்கை 133ஆல் பெருக்கினால் கிடைப்பது இறுதி மாக் எண், அதாவது ஓட்டத்தின் வேகம் அங்குள்ள ஒலி வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. நம் எடுத்துக்காட்டில் 16 வருகிறது. மாக் எண்ணை வர்க்கமாக்கி, மூன்றால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வந்த எண்ணால் 300 கெல்வினை வகுங்கள்: 3.5 கெல்வின். இவ்வளவு குளிர்ச்சியும் துளையிலிருந்து பதினொரு விட்டத் தூரத்துக்குள், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. வினாடிக்கு 550 மீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ வினாடி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

3.5 கெல்வின் என்பது மூலக்கூறுகளின் ஓட்டத்துக்கான வெப்பநிலை. சுழற்சி அதைவிடச் சற்று மேலே நிற்கும், பொதுவாகச் சில கெல்வினில் இருந்து பத்து வரை. அதிர்வு மோதல்களில் அவ்வளவு எளிதாக ஆற்றலை விட்டுக்கொடுக்காது. அது இன்னும் சூடாக இருக்கும். ஒரே ஜெட்டுக்கு மூன்று வெப்பநிலை சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

சரி, துளையைச் சிறிதாக்கி அழுத்தத்தை ஏற்றலாமா? 100 மைக்ரோமீட்டரில் 1 அட்மாஸ்பியரையும் 25 மைக்ரோமீட்டரில் 4 அட்மாஸ்பியரையும் ஒப்பிடுங்கள். குளிர்ச்சி ஒன்றே. பம்பின் சுமை இரண்டாவதில் கால் பங்குதான். ஆனால் மூன்று துகள்கள் ஒரே நேரத்தில் மோதும் வாய்ப்பு அழுத்தத்தின் வர்க்கத்தையும் விட்டத்தையும் பெருக்கியதோடு போவதால், அது நான்கு மடங்காகிறது. அப்படிப்பட்ட மோதல்களில்தான் அயோடினும் ஆர்கானும் ஒட்டிக்கொண்டு கொத்துகள் உருவாகும். கொத்துகளைப் படிப்பதே நோக்கம் என்றால் நல்லது. தனி அயோடின்தான் வேண்டுமென்றால் பம்ப் தாங்கும் வரை பெரிய துளையோடு இருங்கள்.

ஹீலியமா ஆர்கானா என்று கேட்பவர்களுக்கு: உயர் பிரிதிறனுக்கு என் தேர்வு ஆர்கான். 300 கெல்வினில் ஹீலியம் ஜெட் வினாடிக்கு 1760 மீட்டர் வேகத்தில் பறக்கும், ஆர்கான் 560. மூன்று மடங்கு வேகம் என்றால் மிஞ்சும் டாப்ளர் அகலமும் மூன்று மடங்கு. ஆர்கான் கொத்துகள் தொந்தரவு செய்தால் நியான் நல்ல நடுவழி.

அயோடின் படிகங்களை ஒரு கண்ணாடிக் குழாயில் கண்ணாடிப் பஞ்சோடு கலந்து வைத்து, அதன் மேல் ஆர்கானை ஓட விடுங்கள். 39 டிகிரி செல்சியஸில் அயோடினின் ஆவியழுத்தம் சுமார் 1 டார். தொடங்குவதற்கு அது தாராளம். நாசிலைப் படிகக் குழாயைவிடப் பத்து இருபது டிகிரி கூடுதல் சூட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் அயோடின் நாசில் வாயிலேயே படிந்து 50 மைக்ரோமீட்டர் துளையை அடைத்துவிடும். பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் அயோடின் பாதையில் வேண்டாம், அரித்துவிடும். கண்ணாடியும் டெஃப்லானும் பாதுகாப்பு. துளைக்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பயன்படும் மெல்லிய பிளாட்டினத் தகடுகள் மிகப் பொருத்தம். விளிம்பு சுத்தமாக இருக்கும். பம்புக்கு முன்னால் திரவ நைட்ரஜன் பொறி ஒன்று கட்டாயம். அயோடின் பம்ப் எண்ணெயில் கலந்தால் எண்ணெயும் போச்சு, பம்பும் போச்சு. ஆவி மூச்சில் ஏறக் கூடாது என்பதால், டிஃப்யூஷன் பம்புக்குப் பின்னால் நிற்கும் பின்பம்பின் வெளிக்காற்றைப் புகைபோக்கி வழியே வெளியே விடுங்கள்.

படி 3: ஸ்கிம்மரும் பிளவும்

வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான்.

நாசிலிலிருந்து வரும் ஜெட் விரிந்துகொண்டே போகும். பக்கவாட்டில் 30 டிகிரி சாய்ந்து போகும் மூலக்கூறுகூட லேசர் பாதையில் வந்து விழும். அதன் வேகத்தில் பாதி லேசர் திசையில் இருப்பதால் அதன் கோடு 480 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அதாவது 3.5 கெல்வின் குளிரில் இருந்தும், வடிகட்டாத ஜெட்டின் கோடு அறை வெப்பக் குப்பியின் கோட்டைப் போலவே அகலமாக இருக்கும். கோடுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஒவ்வொரு கோடும் தடித்தே இருக்கும்.

எனவே ஜெட்டின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். முதலில், நாசிலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஸ்கிம்மர் என்கிற கூர்முனைக் கூம்பு. மாக் தட்டுக்கு உள்ளேயே அது இருக்க வேண்டும். அதன் விளிம்பு ரேசர் பிளேடு போல இருக்க வேண்டும். சிறு பிசிறு இருந்தாலும் அங்கே அதிர்ச்சி அலை உருவாகி, குளிர வைத்ததையெல்லாம் சூடாக்கிவிடும். உருப்பெருக்கியில் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஸ்கிம்மருக்கு அப்பால் தனிப் பம்புடன் இரண்டாவது அறை. அங்கே அழுத்தம் 10⁻⁶ மில்லிபார் அளவில் இருந்தால் நல்லது.

பிறகு, நாசிலிலிருந்து 10 சென்டிமீட்டரில் 1 மில்லிமீட்டர் அகலப் பிளவு. கற்றையின் மொத்த விரிவு 10 மில்லிரேடியன். 570 நானோமீட்டரில் ஒரு மில்லிரேடியன் சாய்வுக்கு ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் நகர்வு. ஆக மிஞ்சும் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ். 410இலிருந்து 10க்கு வந்துவிட்டோம், இன்னும் லேசரைத் தொடவேயில்லை.

வட்டத் துளை வேண்டாம், பிளவுதான் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். டாப்ளர் அகலத்துக்குக் காரணம் லேசர் போகும் திசையில் உள்ள விரிவு மட்டுமே. அந்தத் திசையில் பிளவு குறுகலாக இருக்கட்டும். அதற்குச் செங்குத்தான திசையில் சில மில்லிமீட்டர் உயரமாக இருந்தாலும் கோடு கெடாது, மூலக்கூறுகள் பல மடங்கு கூடுதலாகக் கிடைக்கும். பிளவைப் பாதியாக்கினால் சமிக்ஞையும் பாதியாகும், அவ்வளவுதான். வட்டத் துளையைப் பாதியாக்கினால் கால் பங்குதான் மிஞ்சும்.

படி 4: லேசரும் அதிர்வெண் அளவுகோலும்

மற்ற அகலங்களையும் எழுதிப் பாருங்கள். மேல் நிலையின் ஆயுள் சுமார் 1 மைக்ரோ வினாடி என்பதால் இயற்கை அகலம் 160 கிலோஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர் லேசர் கற்றையை மூலக்கூறு கடந்து போகும் நேரத்தால் அரை மெகாஹெர்ட்ஸ். ஒரே அதிர்வெண்ணில் ஒளிரும் ஒற்றை முறைமை வளைய டை (சாய) லேசரின் அகலம் 1 மெகாஹெர்ட்ஸ் அளவு. பிளவின் 10 மெகாஹெர்ட்ஸ் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. பிளவை 2 மில்லிரேடியனுக்குக் கொண்டுவரும் வரை லேசரை மேம்படுத்துவதில் ஒரு பயனும் இல்லை.

துடிப்பு லேசர் இந்த வேலைக்கு ஆகாது. 5 நானோ வினாடித் துடிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் அகலம் 90 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. 570 நானோமீட்டருக்கு ரோடமின் 6ஜி சாயத்தின் குறுகிய முனை அல்லது ரோடமின் 110 பொருந்தும்.

அதிர்வெண்ணை அளக்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, ஃபாப்ரி-பெரோ எடலான்: எதிரெதிரே நிற்கும் இரண்டு கண்ணாடிகள், சீரான இடைவெளியில் வரும் அதிர்வெண்களை மட்டும் விடும். 50 சென்டிமீட்டர் நீள பொதுக்குவிய எடலான் ஒவ்வொரு 150 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரு முள் தரும். இரண்டு, அறை வெப்ப அயோடின் குப்பியில் எடுக்கும் தெவிட்டல் உறிஞ்சல் நிறமாலை. எதிரெதிராகப் போகும் இரண்டு கற்றைகளை வைத்து டாப்ளர் இல்லாத கோடுகளை அது தரும். அயோடினைப் படிக்க அயோடினே அளவுகோலாக இருப்பது பெரிய வசதி.

படி 5: ஒளியைச் சேகரியுங்கள்

ஒளிரும் மூலக்கூறு ஒரு மைக்ரோ வினாடிக்குள் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். லென்ஸின் பார்வை லேசர் புள்ளியோடு நிற்காமல், கீழ்நோக்கி இரண்டு மில்லிமீட்டராவது நீள வேண்டும். எதிர்ப்புறம் ஒரு கோளக் கண்ணாடி வைத்தால் ஒளி கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். உண்மையான எதிரி சன்னல்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளி. சன்னல்களை ப்ரூஸ்டர் கோணத்தில் (முனைவாக்கப்பட்ட ஒளி பிரதிபலிக்காமல் கடக்கும் கோணம்) நீண்ட கைகளின் முனையில் வையுங்கள். கைகளுக்குள் கருப்புத் தடுப்பு வளையங்கள். அயோடின் ஒளிர்வின் பெரும்பகுதி சிவப்புப் பக்கம் வருவதால், 600 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் வண்ணக் கண்ணாடி வடிகட்டி, அப்புறம் சிவப்பில் நன்றாக உணரும் ஃபோட்டோமல்டிப்ளையர் என்கிற ஒளி உணரி.

படி 6: செங்குத்தைச் சரிபாருங்கள்

ஒரு தனித்த கோட்டில் லேசரை நிறுத்தி, வெளியே போகும் கற்றையைக் கண்ணாடியால் அதே பாதையில் திருப்பி அனுப்புங்கள். லேசர் செங்குத்தாக இல்லையென்றால் ஒரு கோடு இரண்டாகத் தெரியும், ஒரு மில்லிரேடியன் பிழைக்கு 2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில். இரண்டும் ஒன்றாகச் சேரும் வரை லேசர் கற்றையைத் திருப்புங்கள். பிறகு அதே கோட்டைத் தெவிட்டல் குப்பியில் பாருங்கள். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் நின்றால் சரி. திருப்பி அனுப்பும் முறை ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: அந்தக் கண்ணாடியே சற்றுச் சாய்ந்திருந்தால், கோடுகள் சேர்ந்தும் இடம் தவறியிருக்கலாம். இரண்டாம் நிலை டாப்ளர் நகர்வு ஒரு கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு; அதை மறந்துவிடலாம்.

படி 7: முதல் ஸ்கேன், சுழற்சி வெப்பநிலை

உயர் பிரிதிறனுக்குப் போகும் முன் ஒரு முழுப் பட்டையை வேகமாக ஓட்டுங்கள். அடிமட்ட அதிர்விலிருந்து 16ஆவது மேல் மட்டத்துக்குப் போகும் பட்டை 570 நானோமீட்டரை ஒட்டி விழும். சுழற்சி 5 கெல்வினுக்கு வந்திருந்தால் அதிகம் நிறைந்த சுழற்சி எண் 52இலிருந்து 6க்கு இறங்கியிருக்கும். கண்ணுக்கே தெரியும் மாற்றம். மேல் நிலையில் பிணைப்பு நீளம் கூடுவதால் ஆர் கிளை (சுழற்சி எண் ஒன்று கூடும் கோடுகள்) மூன்றாவது கோட்டுக்குள்ளேயே மடங்கித் திரும்பிவிடும். அந்த மடிப்பில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே தொடங்காதீர்கள். பி கிளையில் (சுழற்சி எண் ஒன்று குறையும் கோடுகள்) 8, 9 எண்ணுக்குப் பக்கத்தில் இடைவெளி வசதியாக இருக்கும்.

ஒவ்வொரு கோட்டின் பரப்பையும் அதன் மாறுதல் வலிமையாலும் அணுக்கருச் சுழல் எடையாலும் (அணுக்கருச் சுழல்கள் அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கை) வகுத்து, மடக்கை எடுத்து, கீழ் மட்ட ஆற்றலுக்கு எதிராக வரையுங்கள். சாய்வு வெப்பநிலையைத் தரும். சுழல் எடையை மறந்தால் புள்ளிகள் பல்வரிசை போல ஏறி இறங்கும். ஒற்றைப்படை எண்களுக்கு 21, இரட்டைப்படைக்கு 15. ஜெட்டுக்குள் நடக்கும் மோதல்கள் அணுக்கருச் சுழலைத் திருப்புவதில்லை என்பதால், இந்த 7க்கு 5 விகிதம் எவ்வளவு குளிர்ந்தாலும் மாறாது.

உயர் எண் கோடுகள் நேர்கோட்டுக்கு மேலே விலகி நின்றால் பதறாதீர்கள். பெரிய ஆற்றல் இடைவெளி உள்ள மட்டங்கள் மோதல் தீர்ந்துபோகும் முன் முழுதாகக் குளிர முடியாமல் நின்றுவிடுகின்றன. அது இயற்பியல், பிழை அல்ல. ஆனால் எல்லாக் கோடுகளும் வளைந்தால் தெவிட்டலைச் சந்தேகியுங்கள். லேசர் திறனைப் பாதியாக்கினால் எல்லாக் கோடுகளும் சரியாகப் பாதியாக வேண்டும். ஒருமுறை ஒளிர்ந்த அயோடின் மூலக்கூறு பெரும்பாலும் வேறொரு அதிர்வு மட்டத்தில் போய் விழுகிறது. மறுபடி அதே லேசருக்கு அது தென்படாது. அதனால் திறனைக் கூட்டக் கூட்டச் சமிக்ஞை ஏறும் என்று நினைப்பது தவறு.

படி 8: மீநுண் கோடுகளைப் பிரித்து எடுங்கள்

இப்போது ஒரே ஒரு சுழற்சிக் கோட்டை எடுத்து 2 ஜிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மெதுவாக ஸ்கேன் செய்யுங்கள். ஜெட் சமிக்ஞை, எடலான் முட்கள், தெவிட்டல் குப்பி மூன்றையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். பிறகு தனித்தனியாக எடுத்து ஒட்டுவது வேண்டாம். லேசர் அதற்குள் நகர்ந்திருக்கும்.

எண்ணிக்கையில் கவனம். 15, 21 என்ற கணக்கு சுழற்சி எண் அணுக்கருச் சுழலைவிடப் பெரிதாக இருக்கும் கோடுகளுக்குத்தான் சுத்தமாகப் பொருந்தும். குளிர்ந்த ஜெட் தருவதோ சிறிய எண்களை. அங்கே மட்டங்கள் குறைவு, ஆனால் வழக்கமாக மிக மங்கலாக இருக்கும் மாறுதல்கள் வலுப்பெற்று எழும். கோடுகளின் வரிசை அட்டவணைப் படத்தைப் போல இல்லையே என்று குழம்புவது இங்கேதான். முதலில் 8ஐ ஒட்டிய கோட்டைப் பொருத்தி மாறிலிகளைப் பிடித்துவிட்டு, பிறகு 3, 2, 1 என்று இறங்குங்கள்.

பொருத்துவதற்கு நான்கு பங்களிப்புகள் போதும்: மின் நான்முனை, சுழல்-சுழற்சி, இரண்டு வகைச் சுழல்-சுழல் பிணைப்பு. நான்முனைதான் பெரியது, தரை நிலையில் அதன் மாறிலி மைனஸ் 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது, மேல் நிலையில் அதில் கால் பங்குக்கும் குறைவு. தரை நிலை மாறிலியை ஏற்கெனவே தெரிந்த மதிப்பில் நிறுத்திவைத்து, மேல் நிலையை மட்டும் விட்டுப் பொருத்துங்கள். பொருத்தியபின் மீதி விலகல்களை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்து பாருங்கள். அவை சிதறலாக இருந்தால் வேலை சுத்தம். மெதுவாக ஏறியோ இறங்கியோ போனால் எடலான் வெப்பத்தில் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தெவிட்டல் குப்பியின் கோடுகளை வைத்து அளவுகோலைத் திருத்திவிட்டு மறுபடி பொருத்துங்கள். ஒவ்வொரு கோடும் ஒரே பக்கம் வால் நீண்டு நின்றால் கற்றை பிளவின் நடுவில் இல்லை. நாசிலைப் பிளவின் திசையில் பத்துப் பத்து மைக்ரோமீட்டராக நகர்த்தி, கோடு சமச்சீராகும் இடத்தில் இறுக்கிவிட்டு, படி 6ஐ இன்னொரு முறை செய்யுங்கள்.